எடை குறைக்க ஆபரேஷன்: பேண்டா, ஸ்லீவா, பைபாஸா?

மூன்றையும் விளக்கிச் சொன்னால் கேட்டவுடன் பிடித்துப்போவது பேண்ட்தான். இரைப்பையை வெட்டுவதில்லை, வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். ஆனால் நம்ம குமரி மாவட்டத்துக்காரர் கடைசியாக யோசிக்க வேண்டியது அதுதான் என்பேன்.

பேண்ட் என்பது இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி மாட்டும் ஒரு சிலிகான் வளையம். அதற்கு மேலே 15 முதல் 30 மி.லி. மட்டுமே கொள்ளும் சின்னப் பை உருவாகும். தோலுக்கடியில் இருக்கும் போர்ட்டில் ஊசி போட்டு உப்புநீர் ஏற்றினால் வளையம் இறுகும், உறிஞ்சினால் தளரும். கர்ப்ப காலத்தில் தளர்த்தி வைக்கலாம் என்பது உண்மையான வசதி. ஆபரேஷன் நேர ஆபத்தும் மூன்றில் இதற்கே குறைவு.

தொல்லை பிறகுதான் வரும். வளையம் நழுவலாம், இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே போகலாம், போர்ட் கசியலாம், உணவுக்குழாய் விரிந்துபோகலாம். முதல் வருடம் இறுக்கம் சரிபார்க்க அடிக்கடி போக வேண்டும். குளச்சலில் இருப்பவர் அதற்காகத் திருவனந்தபுரம் பஸ் ஏறுவாரா? ஒருநாள் ராத்திரி தண்ணீர்கூட இறங்காமல் போனால், உப்புநீரை உடனே எடுத்துவிடத் தெரிந்தவர் பக்கத்தில் வேண்டும். உலகெங்கும் பேண்ட் குறைந்துவிட்டதால் அதில் கைப்பழக்கம் உள்ளவர்களும் குறைவு.

சாப்பாட்டு விஷயம் இன்னும் வேடிக்கை. புட்டும் கோழிக்கறியும் தொண்டைக்குக் கீழே அடைத்து நிற்கும். பந்தியில் ஊற்றும் அடைப்பிரதமன் பாயசமோ தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். பைபாஸ் (இரைப்பையில் ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து, அதை நேராகச் சிறுகுடலோடு இணைப்பது) செய்தவர் அதே பிரதமனை ஒரு பிடி பிடித்தால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரலாம். அந்தப் பயமே சிலருக்கு நல்ல காவல்!

ஸ்லீவில் இரைப்பையில் 75–80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிடுவார்கள், திரும்ப வராது. பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் குறைவதால் பேண்டைவிட எடை நன்றாக இறங்கும். தையல் வரிசையில் கசிவு அபூர்வம், வந்தால் ஆபத்து. ஏற்கெனவே நெஞ்செரிச்சல் இருப்பவருக்கு அது கூடலாம். அவருக்கும் கட்டுக்கடங்காத சர்க்கரை உள்ளவருக்கும் பைபாஸ் பொருத்தம். பதிலுக்கு ஆயுள் முழுக்க இரும்பு, பி12, கால்சியம் மாத்திரை. மூட்டுவலி மாத்திரையை மெடிக்கலில் கேட்டு வாங்கி விழுங்கும் பழக்கத்தையும், புகையையும் விட்டாக வேண்டும். இல்லையென்றால் குடல் இணைப்பில் புண் வரலாம்.

காசு விஷயத்தில் ஒரு சிக்கல். 2022 சர்வதேச வழிகாட்டுதல்படி ஆசியர்களுக்கு பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 27.5 முதலே ஆபரேஷனைப் பரிசீலிக்கலாம். இன்சூரன்ஸ் பணம் கிடைக்க, இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் விதியோ 40-ஐக் கேட்கிறது. இதயநோய், கடும் தூக்க மூச்சுத்திணறல், கட்டுப்படாத சர்க்கரை போன்றவை இருந்தால் 35. இடையில் நிற்பவர் கைக்காசில் செய்யும்போது, பேண்டை எடுக்க வேண்டிவந்தால் ஆகும் இரண்டாம் ஆபரேஷன் செலவையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். எடுத்தபின் எடை பெரும்பாலும் ஏறிவிடும், பலர் ஸ்லீவுக்கோ பைபாஸுக்கோதான் போகிறார்கள்.

வெட்டும் வேண்டாம், பிடிக்காவிட்டால் விட்டுவிடவும் வேண்டும் என்பவருக்கு, 2025-இல் இந்தியாவுக்கு வந்த மவுஞ்சாரோ, வெகோவி என்ற எடை குறைப்பு ஊசிகளை டாக்டரிடம் கேட்பதே மேல். நிறுத்தினால் அதிலும் எடை திரும்பும். ஆனால் நிறுத்துவதற்கு ஒரு ஆபரேஷன் தேவையில்லை.