நான்கு வருடம், இரண்டு கார், ஒரு ஈரக் கார்பெட்

என் கன்வர்டிபிளின், அதாவது துணிக் கூரையை மடக்கித் திறக்கக்கூடிய காரின், கார்பெட்டை மூன்றாவது முறையாகக் கழற்றிக் காயப்போட்டிருக்கிறேன். இந்த நேரம் பார்த்து நண்பர் கேட்கிறார்: "பழைய பெட்ரோல் கன்வர்டிபிள் வாங்கலாமா, எலெக்ட்ரிக் ஹேட்ச்பேக் வாங்கலாமா?" நான்கு வருடமாக இரண்டையும் ஓட்டுகிறேன், அதனால் சொல்கிறேன்.

ஹேட்ச்பேக்கைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 40 கிலோவாட் மணி பேட்டரி. இரவில் 7 கிலோவாட் சார்ஜரில் செருகினால் விடிவதற்குள் நிறைந்துவிடும். ஆயில் மாற்ற வேண்டாம், கிளட்ச் கிடையாது. ஆக்சிலரேட்டரை விட்டாலே மோட்டார் வேகத்தைக் குறைத்து அந்த ஆற்றலை பேட்டரிக்கு அனுப்புவதால் பிரேக் பேட் இன்னும் அப்படியே இருக்கிறது. குளிரில் ஹீட்டர் போட்டால் ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரம், குறையும். அவ்வளவுதான்.

கன்வர்டிபிளில் விடியற்காலையில் கூரையை மடக்கிவிட்டு, வளைவுக்கு முன் மூன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு இறக்கிப் பாருங்கள். இன்ஜின் சத்தமும் ஈர மண் வாசனையும் சேர்ந்து வரும். சிக்னலில் ஹேட்ச்பேக்தான் முந்தும், ஆனாலும் மனசு இதில்தான் நிறைகிறது.

ஆனால் அந்தத் தண்ணீர்! துணிக் கூரையில் விழும் மழைநீர், இருக்கைக்குப் பின்னால் இரு பக்கமும் இருக்கும் வடிகுழாய் வழியாக காருக்கு அடியில் போக வேண்டும். மக்கிய இலை அடைத்துக்கொண்டால் உள்ளே வழியும். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். கார்பெட்டுக்கு அடியில் உள்ள பஞ்சு தண்ணீரைக் குடித்திருக்கும். காலையில் கண்ணாடி உள்பக்கம் பனித்திருப்பதுதான் முதல் அடையாளம். மெக்கானிக் ரப்பர் சீல் போய்விட்டது என்று இரண்டு பக்கமும் மாற்றினார். அடுத்த மழையிலேயே மறுபடி ஈரம். குழாயைப் பார்க்கவே இல்லை! கடைசியில் நானே மெல்லிய நைலான் கம்பியை விட்டுக் குத்தினேன், கைப்பிடி அளவு கறுப்புச் சேறு வந்தது. இரும்புக் கம்பி விடாதீர்கள், குழாய் கிழிந்துவிடும். முன்பு வைத்திருந்தவர் மரத்தடியிலேயே நிறுத்தியிருக்கிறார். காரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஆனாலும் எரிச்சல் அடங்கவில்லை.

இந்த நான்கு வருடத்தில் எனக்கு நினைவிருக்கும் பயணம் எல்லாமே கன்வர்டிபிளில் போனவை. அப்படியும் நண்பருக்கு என் பதில், ஹேட்ச்பேக் வாங்குங்கள். இல்லை, கன்வர்டிபிள்தான் வேண்டும் என்றால், சரி, பணம் கொடுக்கும் முன் இருக்கைக்குப் பின்னால் கார்பெட்டை நன்றாக அழுத்திப் பாருங்கள். கையில் ஈரம் பட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.