ஈரமானி வாங்குமுன்: வடசென்னை மண்ணில் எது சரியாகச் சொல்லும்?

இரண்டு உலோகக் கம்பி, மேலே ஒரு டயல், 1 முதல் 10 வரை ஓடும் முள். பேட்டரி கிடையாது. மாடித்தோட்டச் சாமான் கடைகளிலும் ஆன்லைனிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மண் ஈர மீட்டர் இதுதான். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் தொட்டி வைத்திருப்பவர்கள் பலர் முதலில் வாங்குவதும் இதைத்தான். இதோடு கெபாசிட்டிவ் சென்சார், விவசாயிகள் வைக்கும் டென்சியோமீட்டர், பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசு ஆகியவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது நமக்கு உதவும் என்று தெளிவாகும். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: தரையில் நட்ட செடிக்கும் மரத்துக்கும் டென்சியோமீட்டர், தொட்டிக்குத் தராசு. போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இரட்டைக் கம்பி மீட்டரை நம்ப வேண்டாம்.

எந்தக் கருவி வாங்கினாலும் அதில் தெரியும் எண்ணுக்குப் பின்னால் நம் ஊர் வானமும் அந்த இடத்துச் செடியும் இருக்கின்றன. சென்னையின் ஆண்டு மழை சுமார் 1400 மி.மீ. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். அப்போது மேகமூட்டம், காற்றிலும் ஈரம். மண்ணிலிருந்து தண்ணீர் ஆவியாகும் வேகம் குறைவு. ஜனவரி முதல் மே வரை மழை பெயரளவுக்குத்தான். ஆவியாகும் வேகமோ ஏறிக்கொண்டே போய் மே மாதத்தில் நாளுக்கு சுமார் 6 மி.மீ. ஆகிவிடுகிறது. அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 6 லிட்டர். மழை ஒரு பருவத்தில், தாகம் இன்னொரு பருவத்தில். கலிபோர்னியாவிலும் மத்தியதரைக் கடலோர நாடுகளிலும் இதே கணக்குதான். குளிர்காலத்தில் மண் சேர்த்து வைத்ததைக் கொண்டே கோடையைத் தாண்ட வேண்டும். ஆனால் அங்கே மழைக்காலம் குளிர்காலமும் கூட என்பதால் செடிகள் அப்போது அதிகம் குடிப்பதில்லை. நமக்கு மார்கழியிலும் பகல் வெப்பம் 29 டிகிரியை ஒட்டியே நிற்கும். மழை விட்ட மறுநாளே சேமிப்பில் கை வைத்தாகிவிடும்.

அந்தச் சேமிப்பு எவ்வளவு என்பது மண்ணைப் பொறுத்தது. எண்ணூர் வரை நீளும் கடலோர மணலில், மேல் இரண்டடிக்குள் செடி எடுக்கக்கூடிய தண்ணீர் 40 மி.மீ. அளவுதான். நாளுக்கு 4 மி.மீ. குடித்தால் பத்தே நாள். மணலி, மாதவரம் பக்கத்துக் களிமண்ணில் அதே இரண்டடியில் சுமார் 100 மி.மீ. நிற்கும், இருபத்தைந்து நாள் ஓடும். ஜூனில் மாலை இடியோடு வரும் 10 மி.மீ. மழை, நன்றாகக் காய்ந்த மணலில் முக்கால் சாண் இறங்கும். காய்ந்த களிமண்ணில் மூன்று விரல்கடையோடு நின்றுவிடும், மறுநாள் வெயிலில் அதுவும் போய்விடும். மழை பெய்ததே என்று அன்றைக்குத் தண்ணீரை நிறுத்துவது களிமண்காரர்கள் அடிக்கடி செய்யும் தவறு.

கடற்காற்றையும் கணக்கில் வையுங்கள். திருவொற்றியூருக்கு அது முதலில் வருகிறது. மாதவரத்துக்குள் நுழைய நேரமாகும். மேற்குக் காற்று பலமாக வீசும் அக்னி நட்சத்திர நாட்களில் கடற்காற்று பிந்தும். அன்று உள்பக்கத்துத் தொட்டிகள் பிற்பகலுக்குள் தளர்ந்துவிடும். கடலோர வீட்டுக்காரர் சொல்லும் நீர் அட்டவணையை உள்ளே இருப்பவர் அப்படியே பின்பற்றக் கூடாது என்பது இதனால்தான்.

மீட்டரை எந்த இடத்தில் குத்துகிறோம் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். செடி இல்லாத வெறும் மண் கோடையில் மேலே 10, 15 செ.மீ. பொடிப்பொடியாகக் காயும். காய்ந்ததும் அந்த அடுக்கே மூடிபோல் ஆகி, கீழே இருக்கும் ஈரத்தை மாதக்கணக்கில் காக்கும். இரண்டடி தள்ளி அருகும் கோரையும் படர்ந்திருக்கிறதா? அங்கே நிலம் பச்சையாகத் தெரியும். தோண்டினால் வேர் போன ஆழம் வரை வறண்டு கிடக்கும். மண்ணைக் காலி செய்வதில் வெயிலைவிட வேருக்குக் கை நீளம். வேம்பைப் பாருங்கள்: மாசி, பங்குனியில் இலை உதிர்த்து, மழைக்குக் காத்திராமல் துளிர்க்கிறது. ஆழத்து ஈரம் இருக்கும் தைரியம் அது. 20 செ.மீ. கம்பியை வேம்படியில் குத்திப் பார்த்து மரத்தின் தாகத்தை அளக்க முடியாது. தென்னைக்கு அடிமரத்தை ஒட்டிக் குத்துவதும் வீண். தண்ணீர் குடிக்கும் வேர்கள் இரண்டு மீட்டர் வட்டத்துக்குள் பரவிக் கிடக்கின்றன. பாத்தியின் நடுப்பகுதியில், அதாவது மரத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, ஓரடி ஆழத்துக்குக் கீழே பார்க்க வேண்டும்.

இனி அந்த இரட்டைக் கம்பி. இது உண்மையில் ஈரத்தை அளப்பதில்லை. இரண்டு கம்பியும் வெவ்வேறு உலோகம். ஈர மண் நடுவில் இருந்தால் ஒரு சின்ன பேட்டரிபோல் மின்சாரம் பிறக்கும், அது முள்ளைத் தள்ளும். மின்சாரம் எவ்வளவு பாயும் என்பது தண்ணீரோடு உப்பையும் பொறுத்தது. சோதித்துப் பார்ப்பது சுலபம். இன்வெர்ட்டருக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை ஒரு டம்ளரில் எடுத்துக் கம்பியை விடுங்கள். முழுக்கத் தண்ணீர்தான், ஆனாலும் முள் ஏறத் தயங்கும். ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுக் கலக்குங்கள். சர்ரென்று கடைசிக் கோட்டுக்குப் போய்விடும். தண்ணீரின் அளவு மாறவில்லை, உப்புதான் மாறியது.

வடசென்னைக்கு இது பெரிய சிக்கல். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியது 1960-களின் இறுதியிலேயே கவனிக்கப்பட்ட விஷயம். கடலோரத் தெருக்களில் பல போர்களில் உப்பு வாய்க்குத் தெரியும். அந்தத் தண்ணீரைத் தினமும் ஊற்றினால் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு தொட்டியிலேயே தங்கும். தொட்டி ஓரத்தில் வெள்ளையாகப் படிவது அதுதான். அப்புறம் மண் பாதி காய்ந்த பிறகும் முள் 7, 8 காட்டும். செடி வதங்கும், மீட்டரோ 'ஈரம்' என்று சொல்லும். கழுவாத கோகோபீட்டிலும் (தென்னை நார்த்தூள்) இதே கோளாறு உண்டு. உதிரியாக நிரப்பிய கோகோபீட்டில் நேர் எதிர்: கம்பியைச் சுற்றிக் காற்று இடைவெளி இருப்பதால் ஈரம் இருந்தும் முள் தாழ்வாக நிற்கும்.

மெட்ரோ வாட்டர் மட்டும் ஊற்றும் வீட்டில், ஒரே மண்கலவைத் தொட்டிகளை ஒன்றோடொன்று ஒப்பிட இது உதவும். ஒரே தொட்டியில் மூன்று இடத்தில் குத்தி நடு எண்ணை எடுங்கள். ஒவ்வொரு முறையும் துடையுங்கள். மண்ணிலேயே விட்டுவைத்தால் கம்பி பாசி நிறத்தில் பூத்து அளவு இறங்கும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால் மீளும். கல் தட்டினால் அழுத்தாதீர்கள், கம்பி வளைந்தால் உள்ளே இணைப்பு விடுபடும். அதே டயலில் பிஎச் அளவும் (மண்ணின் அமில, காரத் தன்மை) காட்டும் வகைக்குக் கூடுதல் பணம் தர வேண்டாம். அந்த அளவைக் கொண்டு சுண்ணாம்பு போடுவது ஆபத்து.

கெபாசிட்டிவ் சென்சார் இதைவிட நேர்மையானது. ஒரு பொருள் மின்புலத்தில் எவ்வளவு மின் ஆற்றலைத் தேக்கும் என்பதைச் சொல்லும் எண் (டைஎலெக்ட்ரிக் கான்ஸ்டன்ட்) தண்ணீருக்குச் சுமார் 80, காய்ந்த மண்ணுக்கு 3 முதல் 5, காற்றுக்கு 1. அந்த இடைவெளியை வைத்தே ஈரத்தைக் கணிக்கிறது. உப்பின் தொல்லை குறைவு. சின்னச் சர்க்யூட் அட்டை வடிவத்தில் ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கும் வகையில் ஒரு குறை: அட்டையின் வெட்டு ஓரங்கள் மூடப்படாமல் இருக்கும், அதன் வழியே தண்ணீர் ஊறி சில வாரங்களில் அளவு நகரத் தொடங்கும். நிறமில்லாத நெயில் பாலிஷை ஓரங்களில் இரண்டு பூச்சு கொடுத்து, ஒரு நாள் காயவிட்டுப் பயன்படுத்துங்கள். மேலே இருக்கும் சில்லுகள் மண்ணுக்குள் போகக் கூடாது. காய்ந்த மண்ணில் ஒரு அளவு, நீர் ஊற்றி வடிந்த மண்ணில் ஒரு அளவு எடுத்த பிறகுதான் இடையில் வரும் எண்களுக்குப் பொருள் உண்டு. ஆர்டுயினோ (சென்சாரைப் படிக்கும் சின்ன மின்னணுப் பலகை), கம்பி, சாலிடரிங் என்று இறங்கத் தயாராக இல்லாதவர்களுக்கு இது வேண்டாம்.

டென்சியோமீட்டரின் விலை சில ஆயிரம், வேலையும் கொஞ்சம் உண்டு. ஆனால் செடியின் வேர் தண்ணீரை எவ்வளவு சிரமப்பட்டு இழுக்கிறது என்பதையே இது அளக்கிறது. நீர் நிரம்பிய குழாய், அடியில் பீங்கான் முனை, மேலே வெற்றிட மானி. மண் காயக் காய, முனை வழியே தண்ணீரை வெளியே இழுக்கும். முள் சென்டிபாரில், அதாவது அந்த இழுவையின் அலகில், ஏறும். பொருத்துவதில் அவசரம் கூடாது. பீங்கான் முனையை ஓரிரவு தண்ணீரில் ஊற வையுங்கள். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை மட்டும் குழாயில் நிரப்புங்கள், இல்லாவிட்டால் காற்றுக் குமிழி வந்து அளவைக் கெடுக்கும். குழாய் பருமனுக்கே துளை போட்டு, அதே மண்ணைக் கூழாகக் கரைத்து அடியில் ஊற்றி, அதில் முனையை இறக்குங்கள். முனைக்கும் மண்ணுக்கும் இடைவெளி விழுந்தால் முள் அசையாமலே இருக்கும். ஒரு நாள் விட்டுப் படியுங்கள். காய்கறிக்கு 15 செ.மீ. ஆழத்தில் ஒன்று, 30 செ.மீ.யில் ஒன்று. மணலில் 20 முதல் 30 வந்ததும் தண்ணீர் பாய்ச்சுங்கள். களிமண்ணில் 40, 50 வரை பொறுக்கலாம். 80-ஐத் தாண்டினால் காற்று புகுந்து முள் திடீரென இறங்கும். ஈரம் வந்துவிட்டது என்று அதை நினைத்துவிடாதீர்கள், கருவி வறண்டுவிட்டது என்று பொருள். மே மாதத்தில் வாரம் ஒருமுறை குழாயை நிரப்பி, மானி மேல் வெயில் படாமல் ஒரு மறைப்பு வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பீங்கான் முனை உப்பையும் உள்ளே விட்டுவிடும், அதனால் உப்பு தரும் சிரமம் இந்த அளவில் வராது. வேர் அருகே உள்ள மண்ணீரின் உப்பு அளவு, அதாவது ஈ.சி. (மின்கடத்துதிறனை வைத்துச் சொல்லும் அளவு), 4 dS/m என்றால், வேர் கூடுதலாகச் சுமார் 140 சென்டிபார் இழுக்க வேண்டும். டென்சியோமீட்டரோ 25 என்று நிம்மதியாகக் காட்டும். போர் தண்ணீர்தான் கதி என்றால், மாதம் ஒருமுறை அடியில் வழிந்து ஓடும்படி மெட்ரோ வாட்டரோ மழைநீரோ ஊற்றி உப்பைக் கழுவி விடுங்கள்.

பொன்னேரி, மணலி பக்கம் நிலத்தில் பயிர் வைப்பவர்கள், கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய வண்ண விளக்கு ஈரங்காட்டியையும் பார்க்கலாம். நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என நான்கே விளக்கு. சிவப்பு எரிந்தால் உடனே பாய்ச்ச வேண்டும். எண் படிக்கத் தேவையில்லை என்பது அதன் பலம்.

மாடியில் தராசை மிஞ்ச எதுவுமில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, உப்பு இதை ஏமாற்ற முடியாது. பத்து அங்குலத் தொட்டியின் விளிம்பில் மூன்று கயிறு கட்டித் தராசின் கொக்கியில் மாட்டுங்கள். தண்ணீர் ஊற்றி, வடிந்து நின்ற பின் 11 கிலோ. இலை லேசாகத் தொய்யும்போது 8.5 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இடையில் இருக்கும் 2.5 லிட்டர்தான் செடியின் கையிருப்பு. பாதி தீர்ந்ததும், அதாவது 9.7 கிலோவில், 1.3 லிட்டர் ஊற்றினால் போதும். அடியில் வழியாது, உரமும் கரைந்து போகாது. காய்த்து நிற்கும் தக்காளி மே வெயிலில் இந்தப் பாதியை ஒரே நாளில் குடித்துவிடும், மார்கழியில் அதுவே மூன்று நாள் வரும். மேலே இரண்டு அங்குலம் காய்ந்த இலையோ தேங்காய் நாரோ மூடாக்காகப் போட்டு, மறுவாரம் அதே எடையைப் பார்த்தால் வித்தியாசம் கிராமில் தெரியும். மூடாக்கையும் சேர்த்து நிறுத்து, பழைய எண்ணைத் திருத்திக்கொள்ளுங்கள். 15 அங்குலப் பையைத் தூக்க முடியாது. அதன் பக்கத்தில் அதே கலவை, அதே செடியோடு ஒரு சின்னத் தொட்டியை மாதிரிக்கு வைத்து, பை எத்தனை மடங்கு பெரிதோ அத்தனை மடங்கு ஊற்றுங்கள். செடி வளர வளர அதன் எடையும் கூடும், ஆகவே இரண்டு எண்ணையும் மாதம் ஒருமுறை புதிதாக எடுத்து, தொட்டியின் வெளிப்புறத்தில் பெயிண்ட் மார்க்கரால் தேதியோடு எழுதி வையுங்கள்.