பழைய ஜப்பான் கார் எடுக்கிற ஆக்கள் கவனம்: 27,500 டொலர் சுத்துமாத்து

85க்கும் 86க்கும் ஒரு நம்பர்தானே தம்பி வித்தியாசம் எண்டு எனக்குக் கார் வித்தவர் ஃபோனில சிரிச்சுக்கொண்டு சொன்னவர். அந்த ஒரு நம்பருக்கு நான் குடுத்த காசு 27,500 டொலர். கனேடியன் டொலர்தான், அதுக்காக மரத்தில காய்ச்ச காசில்லை, பேஸ்மென்ட் செய்யவெண்டு மனிசியும் நானும் நாலு வருசமாச் சேர்த்தது.

பேர் போடமாட்டன், போட்டா லோயர் கடிதம் வரும் எண்டு ஏற்கனவே வெருட்டியாச்சு. ஜப்பான் ஏலத்தில பழைய கார் எடுத்து ரொறன்ரோவுக்கு இறக்கித் தாற ஒரு ஏஜென்சி, நடத்துறது எங்கட ஆள், அவ்வளவுதான். கனடாவில 15 வருசம் தாண்டின கார் எண்டா ஜப்பானில இருந்து நேர இறக்கலாம், அமெரிக்காவில 25 வருசம் ஆகோணும், அதால இஞ்ச உந்த யாவாரம் நல்லா ஓடுது, கள்ளரும் கூடிப்போச்சு.

நான் தேடினது டொயோட்டா ஏ.ஈ.86. 1983இல இருந்து 87 வரைக்கும் வந்தது, 1.6 லீற்றர் ட்வின் காம் 4ஏ-ஜிஈ எஞ்சின், 130 குதிரைவலு, பின்சில்லு இழுக்கிற சின்னக் கார், மலைப்பாதை ரேஸ் கார்ட்டூன் பாத்து வளந்த பெடியள் எல்லாருக்கும் அது விசர். அதே பொடியில டொயோட்டாவே விட்ட மலிவு மொடல்தான் ஏ.ஈ.85, 1.5 லீற்றர், 83 குதிரைவலு. வெளியில நிண்டு பாத்தா ரெண்டும் அச்சொட்டு ஒண்டுதான். விலையில மட்டும் மலைக்கும் மடுவுக்கும்.

போன ஓகஸ்ட் ஸ்காபரோவில ஒரு மோல் பார்க்கிங்கில பழைய கார் ஷோ. டட்சன் 240இசட், முதல் செலிக்கா, ஆர்எக்ஸ்-7 எல்லாம் வரிசையா நிக்குது, இந்த ஏஜென்சிக்காரர் தன்ர பழைய நிசான் ஸ்கைலைனோட நிண்டவர். ‘ஹக்கோசுக்கா’ எண்டுவினம், பெட்டி மூஞ்சி. நான் வாயப் பிளந்துகொண்டு நிக்கக் கூப்பிட்டு பொனட்டத் திறந்து, எஞ்சினுக்குப் பின்னால இருக்கிற தகரத்தில அடிச்ச, மொடல் கோட் இருக்கிற தட்டைக் காட்டி, “தம்பி, பெயின்ட்டப் பாத்து மயங்கக்கூடாது, இந்தத் தட்டுத்தான் காரிட சாதகம்” எண்டவர். ஸ்கைலைனிலயே விலை கூடின ரேஸ் மொடல்தான் ஜிடி-ஆர், அதில ரெண்டு கதவு எண்டா கேபிஜிசி10 எண்டு இருக்கோணுமாம், நடுவில அந்த ‘பி’ இல்லாட்டி அது சாதாரண ஸ்கைலைனுக்கு ஜிடி-ஆர் உடுப்புப் போட்டதாம். தன்ரயில பி இல்லை எண்டு அவரே சிரிச்சுக்கொண்டு காட்டினவர். அந்த நேர்மையிலதான் விழுந்தன். பிறகு “நீர் எவடம்?” எண்டார். சாவகச்சேரி எண்டன். “அட, நான் கொடிகாமம்” எண்டு கூலரைத் திறந்து மட்டன் ரோல்ஸ் ஒண்டு எடுத்துத் தந்தார். அந்த ரோல்ஸோட நான் முடிஞ்சன்.

ஒக்டோபரில கார் கிடைச்சிட்டுது, 86இல ஜிடி அபெக்ஸ் எண்ட மொடல், வெள்ளை கறுப்பு எண்டு நாப்பது படம் அனுப்பினவர். எஞ்சின் படத்தில பின் தகரத்துக்கு மேல ஒரு மஞ்சள் துணி கிடந்தது, துடைச்சுப்போட்டு வைச்சிருக்கினமாக்கும் எண்டு நினைச்சன். ஏலத் தாள், அதாவது ஏலத்தில காரைச் சோதிச்சு எழுதுற தாள், அந்தப் படத்தில மேல்பாதி மடிச்சிருந்தது. கேட்டா, “ஜப்பான்காரன் பிரைவசி பாப்பான் தம்பி.” ஓம் எண்டு முதல் 12,500, நவம்பரில 15,000, ரெண்டும் பாங்க் டிராஃப்ட். மொத்தம் 27,500. சந்தேகமே வரேல்லையா எண்டு கேக்கிறியள். மனிசியும் அதைத்தான் ஒவ்வொரு நாளும் கேக்கிறா.

மார்ச்சில வன்கூவர் பக்கம் கப்பல், ஏப்ரல் கடைசியில ரொறன்ரோ. றோட்டில ஓட்டலாமோ எண்டு பாக்கிற சேஃப்டி செக் செய்ய, பழைய டொயோட்டா பாக்கிற பிலிப்பினோக்காரர் ஒருத்தற்ற கராஜுக்குக் கொண்டு போனன். மனுசன் முதல் பின்சில்லைக் கழட்டினார். ட்ரம் பிரேக். ஜிடி அபெக்ஸுக்கு பின்னுக்கும் டிஸ்க் இருக்கோணும். ஒண்டும் பேசாம பொனட்டத் திறந்து தட்டைப் பாத்தார், என்னையும் வரச்சொல்லிக் கை காட்டினார். ஏ.ஈ.85. எஞ்சின் மட்டும் எங்கயோ கழட்டிக்கொண்டு வந்து ஏத்தின 4ஏ-ஜிஈ. காந்தத்தப் பின் மட்காட்டில வைச்சா ஒட்டாம விழுது, உள்ள முழுக்கக் கறள், மேல ஃபில்லர். இன்னொண்டு சொல்லவே வெக்கமாக் கிடக்கு: காரோட வந்த ஜப்பான் ஏற்றுமதிப் பத்திரத்திலயும் மொடல் கோட் ஆங்கில எழுத்திலயே 85 எண்டு கிடந்தது. எல்லாம் ஜப்பான் பாஷைதானே எண்டு நான் புரட்டிக்கூடப் பாக்கேல்ல.

பிறகு தொடங்கிச்சு கூத்து. ஏஜென்சிக்காரருக்கு எடுத்த முதல் கோலுக்கு, கோல்டன் வீக் தம்பி, ஜப்பான் முழுக்க லீவு எண்டார். அது மே 5ஓட முடியுது, நான் எடுத்தது 19ஆம் திகதி. அடுத்த கோலுக்குத்தான் அந்த ஒரு நம்பர் பகிடி. பிறகு, 4ஏஜி எஞ்சின்தானே ஓடுது உமக்கு என்ன குறை எண்டார். பிறகு இன்வொய்ஸைப் பாரும் எண்டார், பாத்தா ‘ஸ்பிரின்டர் ட்ரூனோ’ எண்டு காரிட பேர் மட்டும் போட்டிருக்கு, 86 எண்ட எழுத்தே இல்லை, 85உம் ட்ரூனோதானே! “இருக்கிறபடி வித்தது” எண்டும் கீழ கிடக்கு. கடைசியா வட்ஸ்அப்பில நீல டிக் மட்டும். நேர போனா அங்க நிண்ட பெடியன் “அண்ணை வெளிநாடு” எண்டுறான், அண்ணையின்ர ஸ்கைலைன் வாசலில நிக்குது!

27,500 டொலர். மூண்டு கிழமையா நித்திரை இல்லை. ஸ்மோல் கிளெய்ம்ஸ் கோர்ட்டுக்குப் போறன், அது தனிக் கதை.

என்ன செய்யோணும் எண்டு வடிவா எழுதத்தான் இருந்தனான், இப்ப தலை வேலை செய்யேல்ல. தட்டுப் படம், தகரத்தில அடிச்ச சாசி நம்பர் படம், ரெண்டும் தெளிவா வராம ஒரு சதம் குடுக்காதேங்கோ. ஏலத் தாளை மடிக்காம முழுசாக் கேளுங்கோ, அதில டபிள்யூ எண்டா திருத்தின இடம், எஸ் எண்டா கறள், எக்ஸ்எக்ஸ் எண்டா மாத்தின பாகம். இன்வொய்ஸில மொடல் கோட் எழுதுவியுங்கோ. ஊர் கேட்டா சொல்லாதேங்கோ.

நேற்றிரவு அவையள் புது விளம்பரம் ஒண்டு போட்டிருக்கினம். ரெண்டு கதவு ஹக்கோசுக்கா, ‘உண்மையான ஜிடி-ஆர்’ எண்டு எழுதி. எஞ்சின் படத்தப் பெரிசாக்கிப் பாத்தன். தட்டு இருக்கவேண்டிய இடத்தில அதே மஞ்சள் துணி.