கைத்தாங்கலா, ஸ்பாஞ்ச் குழியா, படிப்படியா?

பல ஆண்டுகள் ஜிம்னாஸ்டிக்ஸில் தொடக்க நிலைக் குழந்தைகளுக்குக் குட்டிக்கரணமும், பக்கவாட்டில் சக்கரம்போல் சுழலும் கார்ட்வீலும் சொல்லிக்கொடுத்த என்னிடம், பத்து முதல் பன்னிரண்டு வயது வரையிலான சிறுமிகளின் போட்டிக் குழுவை ஒப்படைத்தார்கள். ரவுண்ட் ஆஃப் (ஓடிவந்து கையூன்றித் திரும்பி இரு காலில் இறங்குவது), ஃபிளிக் (பின்னால் பாய்ந்து கையூன்றிப் புரள்வது) இரண்டும் அவர்களுக்குக் கைவந்த வித்தை. அடுத்துத் தரையில் பேக் சால்டோ (கை ஊன்றாமல் பின்புறமாகக் காற்றில் சுற்றுவது), பீம் என்ற குறுகிய பலகையில் ஃபிளிக், பார் என்ற கம்பியில் ஜெயன்ட் (உடலை நீட்டி முழு வட்டம் சுற்றுவது) என்று வரிசை நீண்டது. முதல் வாரம் எனக்குத் தூக்கமே வரவில்லை. தொடக்கக் குழந்தை தவறாகச் செய்தால் மெத்தையில் உருண்டுவிடும். இவர்கள் தவறாகச் செய்தால் தலைகீழாக வந்து விழுவார்கள். அதனால் புதிய அசைவை எந்த வழியில் கற்றுத்தருவது என்பதை நான் முடிவுசெய்தாக வேண்டியிருந்தது.

வழக்கத்தில் உள்ள வழிகளில் முதலாவது, பயிற்சியாளர் பக்கத்தில் நின்று கையால் தாங்கி சப்போர்ட் கொடுப்பது. இதில் பெரிய கவர்ச்சி உண்டு: அன்றைக்கே குழந்தை சால்டோ சுற்றிவிடும், பெற்றோர் கைதட்டுவார்கள். நானும் அதில்தான் ஏமாந்தேன். ஒரு கையை இடுப்புக்குப் பின்னும் மறு கையைத் தொடைக்குப் பின்னும் வைத்து ஒரு சிறுமியை இரண்டு வாரம் சுற்றவைத்தேன். அழகாகச் சுற்றினாள். ஒரு நாள் நான் ஓரடி விலகி நின்றேன். ஓடி வந்தவள் ரவுண்ட் ஆஃபோடு நின்றுவிட்டாள். மறுபடியும் ஓடினாள், மறுபடியும் நின்றாள். அவளுக்குப் பயம் என்று முதலில் நினைத்தேன். பிறகு பழைய வீடியோவைப் பார்த்தபோது புரிந்தது: அவள் மேலே குதிக்கவே இல்லை. பின்னால் சாய்ந்து என் கையில் விழுந்துகொண்டிருந்தாள். மீதியை நான் தூக்கிக்கொண்டிருந்தேன். அவள் நின்றது கோழைத்தனத்தால் அல்ல. அந்தத் தாவலில் பாதி தன்னுடையதல்ல என்று அவள் உடலுக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே சப்போர்ட் கொடுக்கத் தெரிந்த பயிற்சியாளர்களுக்கே இந்த வழி. நேரம் அரை நொடி தப்பினாலும் குழந்தையின் முழங்கால் நம் முகத்துக்கு வரும். பாரில் இன்னும் கவனம் வேண்டும்: பாருக்கு மேலே கையை நுழைத்தால் சுற்றிவரும் உடல் அந்தக் கையை முறித்துவிடும். கீழிருந்துதான் பிடிக்க வேண்டும். இதை மூத்த பயிற்சியாளர் ஒருவரோடு நின்று, நன்றாகச் செய்யத் தெரிந்த பிள்ளைகளிடம் பழகிய பிறகே புதியவர்களைத் தொட வேண்டும். எங்கே பிடிக்கப்போகிறேன் என்பதைக் குழந்தையிடம் முன்பே சொல்லிவிடுவதும் கட்டாயம். அமெரிக்க அணியின் மருத்துவராக இருந்த லாரி நாசர், சிகிச்சை என்ற பெயரில் சிறுமிகளுக்குச் செய்த கொடுமைகளுக்காக 2018-இல் சிறைத்தண்டனை பெற்றதை இந்த விளையாட்டில் இருக்கும் யாரும் மறக்கக் கூடாது.

இரண்டாவது, ஸ்பாஞ்ச் கட்டிகள் நிரப்பிய குழியில் இறங்கவைப்பது. குதிகாலும் மணிக்கட்டும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் வயதில், கடினத் தரையில் ஐம்பது முறை இறங்குவதைவிடக் குழியில் இறங்குவது எவ்வளவோ மேல். பயமும் குறையும். ஆனால் குழி பொய் சொல்லும். குறைவாகச் சுற்றினாலும் கூடுதலாகச் சுற்றினாலும் ஸ்பாஞ்ச் ஒரே மாதிரி ஏந்திக்கொள்ளும். கால் ஊன்றும் பழக்கம் வராது. ஸ்பாஞ்ச் கட்டிகள் அமுங்கிப்போனால் அடித்தரை அருகில் வந்துவிடும் என்பதால் அடிக்கடி கிளறிவிடவும் வேண்டும்.

இறங்குவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 2016 ரியோ ஒலிம்பிக்கில் வால்ட் (ஓடிவந்து மேடையில் கையூன்றித் தாவுவது) இறுதிச் சுற்றை நினைத்துப்பாருங்கள். அகர்தலாவின் தீபா கர்மாகர் புரொடுனோவாவை (கையூன்றித் தாவி முன்புறமாகக் காற்றில் இருமுறை சுற்றுவது) செய்து மிகத் தாழ்வாக இறங்கினார். 15.066 புள்ளிகளோடு நான்காம் இடம், வெண்கலம் 15.216-க்குப் போனது. அது இரண்டு வால்ட்டுகளின் சராசரி. அதாவது இரண்டிலும் சேர்த்து 0.3 புள்ளி கூடியிருந்தால் வெண்கலத்துக்குச் சமம். இறங்கும்போது ஒரே ஓர் அகன்ற அடி எடுத்துவைத்தாலே 0.3 போய்விடும்.

மூன்றாவது, அசைவைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கற்பிப்பது. கைகளை உயர்த்தி நேராகக் குதித்து உயரமான மெத்தை மேல் ஏறுவது, மல்லாந்து படுத்து முழங்காலை மார்புக்கு இழுப்பது, ரவுண்ட் ஆஃப் முடிந்த வேகத்தில் எம்பி இடுப்பளவு அடுக்கிய மெத்தைகளில் முதுகுபட விழுவது. பார்ப்பதற்குச் சுவாரசியமே இல்லை. திறமையான பிள்ளைகள் சலித்துப்போவார்கள், 'ஏன் மேம் இதையே செய்யச் சொல்கிறீர்கள்?' என்று கேட்பார்கள். கேட்கட்டும். என் சார்பு இந்தப் பக்கம்தான், அதிலும் முதன்முறையாக மேல்நிலைக் குழுவைக் கையில் எடுப்பவருக்கு. இந்த வழியில் நம் கையின் திறமையைவிட நம் கண்ணின் திறமைக்கே வேலை அதிகம். தொடக்கக் குழந்தைகளோடு கழித்த ஆண்டுகள் நமக்குத் தந்ததும் அந்தக் கண்தான்.

பீமுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. 10 சென்டிமீட்டர் அகலப் பலகை 125 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. முதலில் தரையில் ஒட்டிய கோடு, பிறகு தாழ்ந்த பீம், பிறகு உயரமான பீமின் இரு பக்கமும் பலகை மட்டத்துக்கு மெத்தைகள். நாள்பட ஒவ்வொரு மெத்தையாகக் குறைக்கலாம். ஜெயன்ட்டுக்கு மட்டும் துண்டுப்பயிற்சி போதாது. கைகளைப் பட்டையால் பிணைத்துச் சுற்றும் பார் வேண்டும், அது இல்லாத கூடத்தில் தேர்ந்தவரின் சப்போர்ட் வேண்டும். அங்கே நான் இன்னும் மூத்தவரைத்தான் அழைக்கிறேன்.

நின்றுபோன அந்தச் சிறுமியை மீண்டும் மெத்தை அடுக்குக்கே கொண்டுபோனேன். ஆறு வாரம் ஆனது. ஒரு மாலை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினாள், சுற்றினாள், இரண்டு காலில் நின்றாள். நான் அப்போது கூடத்தின் மறுகோடியில் இருந்தேன்.