அம்மாவின் மணிக்கட்டும் என் கார் இன்சூரன்ஸும்

2019இல் கார் வாங்கியபோது பாலிசித் தாளில் நான் படித்தது ஒரே ஒரு வரி, கட்ட வேண்டிய தொகை. "பயணிகளுக்கும் சேர்த்தே போட்டிருக்கிறேன் அண்ணாச்சி" என்றார் முகவர். அவர் சொன்னதில் பொய் இல்லை. நான்தான் அதை ஆஸ்பத்திரிச் செலவு என்று எடுத்துக்கொண்டேன்.

2022இல் பணகுடியில் ஒரு கல்யாணம். நாங்குநேரி தாண்டியதும் நான்குவழிச் சாலையில் ஆடுகள் குறுக்கே வந்தன. பிரேக்கை மிதித்தும் கார் நடுத்தடுப்பில் மோதித்தான் நின்றது. பின்னால் இருந்த அம்மா பெல்ட் போட்டிருக்கவில்லை. மடியில் இருந்த தூக்குச்சட்டியோடு முன் இருக்கையில் போய் முட்டினார். சட்டி நசுங்கியது, வலது மணிக்கட்டு முறிந்தது. தகடு வைத்துத் தைத்து மூன்று நாள் வைத்திருந்தார்கள். பில் 68,000 ரூபாய். முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் அப்போதே இருந்தது. பதற்றத்தில் நாங்கள் போய்ச் சேர்ந்த தனியார் மருத்துவமனை அந்தத் திட்டத்தின் மருத்துவமனைப் பட்டியலில் இல்லை.

பம்பருக்கும் முகப்பு விளக்குக்கும் இன்சூரன்ஸ் பணம் வந்தது. அம்மாவின் கைக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை. பாலிசியில் பயணிகளுக்கு இருந்தது தனிநபர் விபத்துக் காப்பீடு, தலைக்கு 1 லட்சம். உயிர் போனால் முழுத்தொகை. இரண்டு கைகால்களோ இரண்டு கண்களோ போனாலும், நிரந்தரமாக முழுதும் முடங்கினாலும் முழுத்தொகை. ஒரு கையோ ஒரு கண்ணோ போனால் பாதி. எலும்பு முறிவுக்கு அதில் இடமே இல்லை. விளக்கிச் சொன்னதும் அம்மா கேட்டார்: "அப்படியானால் கை துண்டாகப் போயிருந்தால் ஐம்பதாயிரம் வந்திருக்குமோ?" வந்திருக்கும்.

உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய்க் கட்டாயக் காப்பீடும் இதே வகைதான். ஆர்.சி. அவர் பெயரில் இருக்க வேண்டும், லைசென்ஸும் வேண்டும். அப்பா பெயரில் உள்ள காரை மகன் ஓட்டினால் அந்த 15 லட்சம் மகனுக்குக் கிடையாது.

மருத்துவச் செலவு என்பது தனியாகக் கேட்டு வாங்க வேண்டிய கூடுதல் காப்பீடு. அடுத்த புதுப்பிப்பில் தலைக்கு 25,000 என்று சேர்த்தேன். சில நூறு ரூபாய்தான் கூடியது. ஒருமுறை பயன்பட்டும் இருக்கிறது. காரில் வந்த தங்கை மகனுக்கு அடிபட்டுத் தோளெலும்பு விலகியபோது டிஸ்சார்ஜ் சுருக்கம், மருந்துச் சீட்டு, அசல் பில் எல்லாம் கேட்டார்கள். நோயாளி பெயர் எழுதாத இரண்டு மருந்துக்கடை பில்களை ஒதுக்கிவிட்டு மீதியைத் தந்தார்கள். கடைக்காரரிடம் பெயர் எழுதச் சொல்லாதது என் சோம்பல்.

மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வேறு மருத்துவக் காப்பீடு இருப்பதால் அவர்களுக்கு இது பெரிதாகத் தேவைப்படாது. 74 வயது அம்மாவுக்கு அப்படி எதுவும் இல்லை. திருச்செந்தூர் போகும்போது தொற்றிக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் இல்லை. அவர்களுக்காகவே தொடர்கிறேன். என் பாலிசியில் ஒரு குறை, 24 மணி நேரமாவது உள்நோயாளியாகப் படுத்திருக்க வேண்டும். தையல் போட்டு மாவுக்கட்டோடு அன்றே வீடு திரும்பினால் பைசா வராது. ஐப்பசியில் மறுபடி புதுப்பிக்க வேண்டும். அந்த நிபந்தனை இல்லாத பாலிசி இருந்தால் வாசகத்தோடு அனுப்பும்படி முகவரிடம் சொல்லியிருக்கிறேன்.