சிட்டையும் பேரேடும்: ஹார்ட் டிஸ்க்கின் ரைட் கேஷை என்ன செய்வது?

விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் ஹார்ட் டிஸ்க்கின் ‘பாலிசிஸ்’ பக்கத்தைத் திறந்தால் இரண்டு சிறு கட்டங்கள் தெரியும். முதலாவது, ரைட் கேஷை, அதாவது எழுத வேண்டியதை முதலில் தற்காலிகமாக வாங்கி வைக்கும் நினைவகத்தை, இயக்குவது. இரண்டாவது, கேஷில் உள்ளதை உடனே தட்டில் இறக்கச் சொல்லும் ஃபிளஷ் கட்டளையையே நிறுத்திவிடுவது. ‘வேகம்தானே’ என்று இரண்டிலும் டிக் போடுகிறவர்கள் உண்டு. வம்பு அங்கேதான் பிறக்கிறது.

மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளை வியாபார நேரத்தில் சிட்டையில் குறித்துவைத்து, கூட்டம் ஓய்ந்ததும் பேரேட்டில் ஏற்றுவார். டிஸ்க்கின் சர்க்யூட் பலகையில் இருக்கும் சிறு டிராம் சிப்தான் இங்கே சிட்டை. என்ன, மின்சாரம் போனால் இந்தச் சிட்டை வெள்ளைத் தாளாகிவிடும்.

கேஷே வேண்டாம் என்று அணைத்தால்? 7200 ஆர்பிஎம் டிஸ்க்கின் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. ஒரு துண்டு பதிந்ததாகத் தகவல் போய் அடுத்த துண்டு வருவதற்குள், எழுத வேண்டிய இடம் டிஸ்க்கின் எழுதும் தலையைக் கடந்துவிடும். இன்னொரு முழுச் சுற்று காத்திருக்க வேண்டும். இப்படி ஒன்றன்பின் ஒன்றாக எழுதினால் விநாடிக்குச் சுமார் 120 துண்டுகள்தான். துண்டுக்கு 64 கேபி என்றால் 7.5 எம்பி. கேஷ் இருந்தால் அதே டிஸ்க் 150 எம்பியைச் சாதாரணமாகத் தாண்டும். இருந்தும், நிறுவனத்தின் பயனர் கணக்குகளை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரி தரவுத்தளம் இருக்கும் டிஸ்க்கில் விண்டோஸ் சர்வர் தானாகவே கேஷை அணைக்க முயல்கிறது. அங்கே வேகம் இரண்டாம்பட்சம்.

கேஷ் உண்டு, ஃபிளஷும் உண்டு என்பது என் தேர்வு. என்டிஎஃப்எஸ், எக்ஸ்ட்4 போன்ற கோப்பு முறைமைகள், செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஜர்னல் என்ற குறிப்பேட்டில் எழுதி, தேவையான இடத்தில் ஃபிளஷ் அனுப்பும். மின்சாரம் போனால் கடைசிச் சில நொடிகளின் வேலை போகலாம். கோப்பு முறைமையின் கட்டுக்கோப்பு பெரும்பாலும் தப்பிவிடும்.

ஃபிளஷை நிறுத்திவிட்டால் வரிசை குலைகிறது. டிஸ்க் தன் வசதிப்படி முன்பின்னாக எழுதும். ஜர்னல் பதியுமுன் மற்றது பதிந்து, நடுவில் மின்சாரமும் போனால், இழப்பது ஒரு கோப்போடு நிற்காது. சாதனத்துக்குத் தனி மின் ஏற்பாடு இருந்தால் மட்டுமே இதில் டிக் போடுங்கள் என்று அந்தக் கட்டத்தின் அடியிலேயே எழுதியிருக்கிறது, யார் படிக்கிறார்கள்! யூபிஎஸ் இருக்கிறதே என்பார்கள். கணினிக்குள் மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் புகைந்தால் யூபிஎஸ் வேடிக்கைதான் பார்க்கும். பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும், பேட்டரி பொருத்திய ரெய்டு கார்டு இருந்தால் அது வேறு கதை. அதன் சிட்டை மின்சாரம் போனாலும் அழியாது.

யூஎஸ்பி டிஸ்க்குக்கு இந்தக் கவலை குறைவு. விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு முதல், சட்டென்று பிடுங்க வசதியாக, கேஷ் இல்லாத அமைப்பே இயல்பாக வருகிறது.