ஆண்ட்ராய்டு எஸ்டிகேயோடு ஆறு வருடம் குப்பை கொட்டிய அனுபவம்

போன மாதம் என் லேப்டாப்பின் 256 ஜிபி எஸ்எஸ்டி நிரம்பி, மூச்சுவிட முடியாமல் கிடந்தது. 512 மாற்றித் தரச் சொல்லிக் காரைக்குடியில் ஒரு கடையில் கொடுத்திருந்தேன். மதியம் கடைத் தம்பியிடமிருந்து போன்.

“அண்ணே, ஆண்ட்ராய்டுன்னு ஒரு ஃபோல்டர் மட்டுமே 38 ஜிபி இருக்கு. பழைய படமா? அழிச்சிடவா?”

“கையை வச்சிடாதீங்க தம்பி, அதுதான் நமக்குச் சோறு.”

“அப்படி என்னண்ணே உள்ள இருக்கு?”

ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். ஆறு வருடமாக அதை வைத்துப் பிழைக்கிற எனக்கே முழுசாகத் தெரியாது என்பதுதான் உண்மை. லேப்டாப் திரும்பி வந்த அன்று ராத்திரி ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்த்தேன். அந்த வயிற்றெரிச்சல் ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

ஆப்புக்குக் கோடு (நிரல்) எழுதுகிற ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ வேறு, எழுதியதை ஆப்பாக்கித் தருகிற கருவிப்பெட்டியான எஸ்டிகே வேறு. ஸ்டுடியோவை மட்டும் தூக்கிவிட்டு ‘இடம் வரலையே’ என்று முழிப்பவர்கள் உண்டு. நானே இரண்டு தடவை முழித்திருக்கிறேன். எஸ்டிகேக்குள் முதலில் ‘பிளாட்பார்ம்ஸ்’. ஆண்ட்ராய்டு 14க்கு 34, 15க்கு 35 என்று ஏபிஐ எண் போட்ட ஃபோல்டர்கள், ஒவ்வொன்றிலும் ஆண்ட்ராய்டு டாட் ஜார் என்று ஒரு ஃபைல். ஆண்ட்ராய்டே அதற்குள்தான் இருக்கிறது என்று ரொம்ப நாள் நம்பியிருந்தேன். கிடையாது. நம் கோடு கூப்பிடக்கூடிய எந்த கிளாஸ், எந்த மெத்தட், என்ன கேட்கும், என்ன தரும் என்ற விவரம் மட்டும்தான். உள்ளே போய் ஓட்டிப் பார்த்தால் ‘ஸ்டப்!’ (வெறும் கூடு) என்று ஒரு எக்செப்ஷனை, அதாவது பிழையை, முகத்தில் எறியும். நிஜச் சரக்கு போனில் இருக்கிறது. விசேஷத்துக்கு முதல் நாள் சமையல்காரர் எழுதித் தருகிற பலகாரச் சிட்டை மாதிரி. வெள்ளைப் பணியாரம் என்று எழுதியிருக்கும், எடுத்து வாயில் போட முடியாது.

அடுத்தது பில்டு டூல்ஸ். படம், லேஅவுட் எல்லாவற்றையும் ஏஏபிடி2 மூட்டை கட்டும். எழுதிய கோடை டி8 போனுக்குப் புரிகிற டெக்ஸாக மாற்றும். ஜிப்அலைன் அடுக்கிக் கொடுக்க, ஏபிகேசைனர் கையெழுத்துப் போடும். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் என்னிடம் இருந்தது ஒன்பது பதிப்பு. நானாக இறக்கியது இரண்டு.

மிச்சம் ஏழு எப்படி வந்தது? லைசென்ஸுக்கு ஒருமுறை ‘ஒய்’ தட்டிவிட்டால் போதும், அடுத்தடுத்த பிராஜெக்டுக்கு எந்தப் பதிப்பு வேண்டுமோ அதை, ஆப்பைக் கட்டுகிற வேலையை நடத்தும் கிராடில் தானே போய் இறக்கிக்கொண்டு வந்துவிடும். நல்ல வசதி. கொண்டுவந்து வைக்கத் தெரிந்ததற்கு எடுத்துக்கொண்டு போகத்தான் தெரியவில்லை. கானாடுகாத்தானில் எங்கள் அப்பத்தா வீட்டு வளவையொட்டி ஒரு சாமான் அறை உண்டு. மங்கு, எனாமல், பித்தளை என்று மூன்று தலைமுறைச் சீர். எது யாருடையது என்று கேட்டால் அடியில் வெட்டியிருக்கிற பெயரைப் பார்த்துச் சொல்வார்கள்; வேண்டாததை எடுத்துப் போடலாமா என்றால் மட்டும் பதில் வராது. இங்கேயும் ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் சோர்ஸ் டாட் பிராப்பர்ட்டீஸ் என்று ஒரு ஃபைலில் பதிப்பு எண் அழகாக வெட்டித்தான் வைத்திருக்கிறது!

நியாயமாகப் பார்த்தால் அழிக்க வழி உண்டு. எஸ்டிகே மேனேஜரில் டிக்கை எடுத்து அப்ளை கொடுத்தால் போய்விடும். ஆனால் கீழே வலது மூலையில் ‘ஷோ பேக்கேஜ் டீடெய்ல்ஸ்’ என்று சின்னதாக ஒரு கட்டம். அதைத் தட்டினால்தான் ஒன்பதும் தனித்தனியாகத் தெரியும். அதுவரை ‘பில்டு டூல்ஸ்’ என்று ஒற்றை வரி, ஒன்றுமே தெரியாத பிள்ளை மாதிரி.

இதெல்லாம் சில்லறை. 38 ஜிபியில் பெரும்பங்கு சிஸ்டம் இமேஜ்கள். லேப்டாப் திரையிலேயே பொம்மைப் போனை ஓட்டிக் காட்டுகிற எமுலேட்டருக்கு வேண்டிய அசல் ஆண்ட்ராய்டு, ஆறு கிடந்தன. கோபத்தில் ஆறையும் அழித்தேன். அப்புறம் பார்த்தால், எஸ்டிகேக்கு வெளியே, யூசர் ஃபோல்டரில் புள்ளி ஆண்ட்ராய்டு என்று இன்னொன்று. நான் உருவாக்கிய பொம்மைப் போன்கள் அங்கே தனியாக 17 ஜிபி. இமேஜ் போன பிறகு அவற்றை எழுப்பவும் முடியாது, ஆனாலும் குத்தகைக்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தன.

அப்படியாவது எமுலேட்டர் எனக்கு உழைத்ததா? ஆத்தங்குடியில் தரைக்கல் போடும் பட்டறை ஒன்றுக்கு ஆர்டர் ஆப் செய்து கொடுத்தேன். கல்லைப் போட்டோ எடுத்து, சதுர அடி, கலர் குறித்து அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். எமுலேட்டரில் கேமராவைத் திறந்தால் ஒரு பொம்மை அறையைக் காட்டும். அதை ஐம்பது தடவை படம் எடுத்தேன், ஜம்மென்று ஓடியது. பட்டறையில் நாலாவது போட்டோவில் ஆப் செத்தது.

பட்டறை அண்ணன் கையில் 2 ஜிபி ரேம் போன், சார்ஜ் குத்துகிற ஓட்டையில் சிமெண்ட் தூசி. கேபிள் ஏறவில்லை. அன்றைக்குக் காப்பாற்றியது பிளாட்பார்ம் டூல்ஸ். தனியாக இறக்கினால் பதினைந்து எம்பிகூட வராது, லேப்டாப்பிலிருந்து போனோடு பேசுகிற ஏடிபி அதில்தான் இருக்கிறது. ஆண்ட்ராய்டு 11 முதல் வைஃபையிலேயே இணைக்கலாம். பில்டு நம்பரை ஏழு தடவை தட்டி டெவலப்பர் ஆப்ஷனைத் திறந்தேன். இணைப்பதற்கு ஆறு இலக்க எண் ஒன்று திரையில் வந்தது.

“அண்ணே, அந்த நம்பரைச் சொல்லுங்க.”

அண்ணன் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “ஆறு நம்பரை யாருக்கும் சொல்லாதீங்கன்னு மகன் சொல்லியிருக்கான் தம்பி.”

டீ வந்து, குடித்து, மகனிடம் போனில் பேசிய பிறகுதான் நம்பர் கிடைத்தது. போனுக்குள் நடப்பதை வரிவரியாகக் காட்டும் லாக்கேட்டைப் போட்டதும் ஒரே நிமிடத்தில் வெளிச்சம்: அவுட் ஆஃப் மெமரி. 13 மெகாபிக்சல் படத்தை அப்படியே விரித்தால், பிக்சலுக்கு 4 பைட் வீதம் 52 எம்பி. நாலு படம் என்றால் 200 எம்பிக்கு மேல். தப்பு என்னுடையதுதான், சுருக்கி எடுத்திருக்க வேண்டும். கண்ணாடிமேல் அச்சை வைத்துக் கலர் ஊற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, “சரியாப் போச்சா?” என்றார். அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து சரிசெய்து, காற்று வழியாகவே புது ஆப்பை ஏற்றிவிட்டு வந்தேன். இந்த ஒரு ஃபோல்டருக்காக மற்ற எல்லாவற்றையும் மன்னிக்கலாம்.

ஆகவே தீர்ப்பு: புதிதாக வருகிறவர்கள் ஒரு பிளாட்பார்ம், ஒரு பில்டு டூல்ஸ், பிளாட்பார்ம் டூல்ஸ், ஒரு பழைய போன். எமுலேட்டர் பக்கமே போகாதீர்கள்.

எழுதி முடித்து இரண்டு நாள் போடாமல் வைத்திருந்தேன். இடையில் வேறொரு ஆப்பைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. 2025 ஆகஸ்ட் 31 முதல் ஏபிஐ 35ஐயாவது குறிவைக்காத, அதாவது ஆண்ட்ராய்டு 15க்கு ஏற்றது என்று அறிவிக்காத, அப்டேட்டை பிளே ஸ்டோர் வாங்காது. 35 என்று போட்டால், ஆண்ட்ராய்டு 15 போனில் ஆப் திரையின் விளிம்புவரை போய் உட்காரும். நான் ஒழுங்காக இடம் விடாவிட்டால் ‘ஆர்டர் அனுப்பு’ பட்டன் கீழ்ப் பட்டைக்குள் புதைந்துவிடும். 14 போனில் இது தெரியவே தெரியாது. எனக்குத் தெரிந்தவர்களில் 15 உள்ள போன் ஒருவரிடமும் இல்லை.

நேற்று ராத்திரி சிஸ்டம் இமேஜ் 35ஐ மறுபடி இறக்கினேன். ஒன்றே ஒன்றுதான். காலையில் ஃபோல்டரைத் திறந்தால், பக்கத்தில் நான் கேட்காத பில்டு டூல்ஸ் ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது.